ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வரும்? கடலூர், புதுச்சேரி நிலையங்களில் படியேற முடியாதவர்களின் கேள்வி

சிதம்பரம், விருத்தாசலம் ரயில் நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று திறக்கப்பட்டன. அவற்றைப் புதுப்பித்த அதே அம்ரித் பாரத் என்ற ரயில் நிலையப் புதுப்பிப்புத் திட்டத்தின் பட்டியலில் திருப்பாதிரிப்புலியூர், விழுப்புரம், புதுச்சேரி நிலையங்களும் இருக்கின்றன. கடலூர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்று சொல்லும் திருப்பாதிரிப்புலியூர்தான் ஊருக்குள் இருக்கும் ஸ்டேஷன், ஓ.டி. என்கிற பழைய நகரத்துப் பக்கம் இருக்கும் கடலூர் துறைமுகச் சந்திப்பு இன்னொன்று. இப்படி ஒரு நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே, முகப்பு எப்படி இருக்கும் என்ற படம்தான் முதலில் எல்லாருடைய கைபேசிக்கும் வந்து சேர்கிறது.

முகப்பு அழகாக இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் முழங்கால் தேய்ந்துபோன ஓர் அம்மாவோ, சக்கர நாற்காலியில் வரும் ஓர் இளைஞரோ அந்தப் படத்தில் தேடுவது வேறு. ஆட்டோவை விட்டு இறங்கிய இடத்திலிருந்து பெட்டிக்குள் தன் இருக்கை வரைக்கும் ஒரு வழி தொடர்ந்து இருக்கிறதா, நடுவில் எங்கே அறுந்துபோகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். வாசலில் சாய்வுதளம் போட்டாயிற்று, டிக்கெட் கவுன்டரில் ஒரு ஜன்னல் உயரம் குறைத்தாயிற்று என்றாலும், "வண்டி இரண்டாவது பிளாட்பாரத்தில் வருகிறது" என்று ஓர் அறிவிப்பு வந்தால் அதோடு எல்லாம் நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது அந்த இரண்டாவது பிளாட்பாரத்தைப் பற்றித்தான்.

முதலில், எத்தனை பேருடைய பிரச்சினை இது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் சுமார் 30 ஆயிரம். 60 வயதைத் தாண்டியவர்கள் அப்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். அடுத்த கணக்கெடுப்பின் முடிவு வரும்போது இந்த விகிதம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

இந்தப் பகுதிக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் சுற்று மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பேருந்தின் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது. கழிப்பறை உள்ள வாகனம் என்றால் ரயில்தான். கடலூர் மாவட்டத்துக்குள் பாடலீஸ்வரர் கோயில், சிதம்பரம், தைப்பூசத்துக்கு வடலூர் என்று வயதானவர்கள் தேடி வரும் இடங்களும் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கடலூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸிலோ சோழனிலோ ஏறும் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 வயதான ஆண்களுக்கு 40 விழுக்காடு, 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடு என்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது இன்னும் திரும்பவில்லை. முழுக் கட்டணம் வாங்கும்போது ஏறுவதற்கு வழியாவது செய்து தர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நிலையங்களை வருமானத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். எந்த நிலையத்துக்கு என்ன வசதி என்பதும் அந்தத் தரத்தை ஒட்டியே முடிவாகிறது. பிளாட்பாரம் மாற ஏற வேண்டிய நடை மேம்பாலத்தை நினைத்துப் பயந்து வீட்டோடு இருந்துவிட்டவர் டிக்கெட் எடுப்பதில்லை. டிக்கெட் எடுக்காதவர் எண்ணிக்கையில் வருவதில்லை. எண்ணிக்கை இல்லாத நிலையத்துக்கு லிஃப்ட் வருவதில்லை. நடுத்தர ஊர்கள் எல்லாம் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கின்றன.

சரி, மேம்பாலத்துக்கு வருவோம். மின்மயமான அகலப் பாதைக்கு மேலே நடை மேம்பாலம் கட்டினால், அதன் அடிப்பகுதி தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும். கீழே 25 ஆயிரம் வோல்ட் கம்பி போகிறது. பிளாட்பாரத்தின் உயரத்தைக் கழித்து, பாலத்தின் தடிமனைக் கூட்டினால், நடந்து ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஐந்தரை முதல் ஆறு மீட்டர் வரை வரும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் சுமார் 40 படி. இது சாதாரண வீட்டில் இரண்டு மாடி ஏறுவதற்குச் சமம். மறுபக்கம் மறுபடி 40 படி இறங்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களைக் கேட்டால் ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பார்கள்.

படிக்குப் பதில் சாய்வுப் பாதை போட்டால்? சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்வு 12-க்கு 1. அதாவது ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் வேண்டும். ஆறு மீட்டர் உயரத்துக்கு 72 மீட்டர். நடுநடுவே மூச்சு வாங்கி நிற்கச் சமதளமும் விட வேண்டும் என்பதால் 80 மீட்டரைத் தாண்டிவிடும். இறங்க இன்னொரு 80. கையால் சக்கரத்தைத் தள்ளுகிற ஒருவருக்கு இது தண்டனை. இட நெருக்கடி காரணமாகச் சில ஊர்களில் செங்குத்தான சாய்வுப் பாதை கட்டுகிறார்கள்; பெட்டி உருட்டிப்போகிறவர்களுக்கு அது உதவும், சக்கர நாற்காலிக்கு அது ஆபத்து.

ஆகவே லிஃப்ட் என்கிறோம். லிஃப்ட் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. நகரும் படிக்கட்டை அதற்கு மாற்றாகச் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது: சக்கர நாற்காலி அதில் ஏறாது, தடுமாறும் வயதானவர் அதில் கால் வைக்கவே அஞ்சுவார். ஆனால் கடலூர் மாதிரி ஊரில் லிஃப்ட் வைப்பதற்கும் உள்நாட்டு ஊரில் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லிஃப்டின் அடிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் லிஃப்ட் நின்றுவிடும். கடற்காற்றின் உப்பு இரும்பு வடத்தையும் கதவுத் தடத்தையும் மின் தொடர்புகளையும் அரிக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்சாரம் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். தரையை உயர்த்திக் கட்டுவது, குழிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், துருப்பிடிக்காத பாகங்கள், மாற்று மின்சாரம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்ற ஒப்பந்த விதி, இவையெல்லாம் கட்டும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. திறப்பு விழாவுக்குப் பிறகு எழுத முடியாது. லிஃப்ட் பழுது என்ற அட்டை தொங்குகிற நாளில், படியேற முடியாதவருக்கு அந்த நிலையமே மூடப்பட்டதாக அர்த்தம்.

மேம்பாலம் ஏற முடியாதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய், சரிவில் இறங்கி, தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவுப்படி இது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்சல் தள்ளுவண்டிகளுக்காகப் போட்ட தரைமட்டப் பாதை பல நிலையங்களில் உண்டு. ஊழியர் துணையோடு சக்கர நாற்காலியை அதன் வழியாகத் தள்ளிப்போவதும் வழக்கம். ரயில் வராத நேரம் பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி, ஓர் ஆள் கூடவே வந்தால் அது ஓரளவுக்குப் பாதுகாப்பு. ஆள் கிடைக்காத நள்ளிரவில் பயணிகள் தாங்களாகவே கடக்கும்போது உயிர் போகிறது.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை ஒற்றைப் பாதை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் பாதையும் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதையில் ஒரு திசையில் போகிற வண்டிக்கு ஒரு பிளாட்பாரம், எதிர்த்திசையில் வருகிற வண்டிக்கு இன்னொரு பிளாட்பாரம் என்பது கிட்டத்தட்ட விதி. ஒற்றைப் பாதையில் அப்படி இல்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்தில் சந்திக்கும்போது மட்டும், ஒன்று ஒதுங்கி நிற்க இரண்டாவது தடம் தேவைப்படுகிறது. அந்தச் சந்திப்பு இல்லாத நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் வண்டியையும் நிலையக் கட்டடத்தை ஒட்டிய பிளாட்பாரத்திலேயே வாங்கிவிட, அதாவது வரவிட்டு நிறுத்திவிட, முடியும். அப்படி வாங்கினால் மேம்பாலம், லிஃப்ட் என்ற பேச்சே இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக வண்டிக்குப் போகலாம்.

இதற்குத் தடைகளும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. கட்டடத்தை ஒட்டிய தடம் எல்லா ஊரிலும் நேர்த்தடமாக இருக்காது. கிளைத்தடமாக இருந்தால் வண்டி வேகத்தைக் குறைத்துத் திரும்பி வர வேண்டும். நிற்காமல் போகிற வண்டிக்கு அது நேர விரயம். ஆனால் எப்படியும் நிற்கப்போகிற வண்டிக்கு அதனால் ஆகும் தாமதம் சிறிது. சில தடங்களில் பிளாட்பாரத்தின் நீளம் போதாது. கடலூர் துறைமுகச் சந்திப்பில் விருத்தாசலத்திலிருந்து வரும் கிளைப் பாதையும் சேர்வதால் கணக்கு இன்னும் சிக்கலாகும். இத்தனையும் சரி. ஆனாலும் பகலில் வரும் வண்டிகளில் எத்தனையை முதல் பிளாட்பாரத்தில் நிறுத்த முடியும், எந்தெந்தச் சந்திப்பை அடுத்த சிறு நிலையத்துக்கு மாற்ற முடியும் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், புதுச்சேரி ஆகிய மூன்று நிலையங்களும் விழுப்புரமும் திருச்சி கோட்டத்துக்குள்தான் வருகின்றன. எந்த வண்டி எங்கே யாருக்கு வழிவிடும் என்பதைச் சொல்கிற கட்டுப்பாட்டு அறையும் அந்தக் கோட்டத்தினுடையதே. இதற்குச் சிமென்ட் வேண்டாம், டெண்டர் வேண்டாம். வண்டியை வாங்கும் பிளாட்பாரத்தை முடிவு செய்யும்போது, ஏறுகிறவர்களின் கால்களையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு இன்னொரு வசதி இயல்பாகவே இருக்கிறது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து போடப்பட்ட பாதை அங்கே வந்து முடிகிறது. பாதை முடிகிற நிலையத்தில், தண்டவாளம் நிற்கும் இடத்துக்கு அப்பால் எல்லாப் பிளாட்பாரங்களையும் தரையோடு தரையாக இணைக்க வாய்ப்பு உண்டு. சென்னை சென்ட்ரலில் யாரும் மேம்பாலம் ஏறாமல் எந்தப் பிளாட்பாரத்துக்கும் போவது இதனால்தான். புதுச்சேரியில் மறுசீரமைப்பு வரைபடம் போடுகிறவர்கள் லிஃப்ட் எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த முனையில் கூரையோடு கூடிய ஓர் அகல நடைபாதைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது பழுதாகாது, கரன்ட் போனாலும் இருக்கும்.

பிளாட்பாரத்துக்கு வந்தாயிற்று. அப்புறம் வண்டியில் ஏற வேண்டும். இந்தியாவில் அகலப் பாதையின் உயர் பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். எக்ஸ்பிரஸ் பெட்டியின் தரை அதைவிடச் சுமார் 40 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. மெட்ரோவில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போகிற மாதிரி இங்கே முடியாது. பிளாட்பாரம் தாழ்வாக இருக்கும் சிறு நிலையங்களில் ஏணி ஏறுவதுபோல் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து கூட்டம் தள்ளும், வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடம்.

சக்கர நாற்காலியில் வருகிறவரைப் போர்ட்டர்களோ உறவினர்களோ தூக்கி ஏற்றுவதுதான் இன்றும் நடைமுறை. தூக்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று மும்பையைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஆர்வலர் விராலி மோடி வெளிப்படையாகப் பேசினார். ஏற்றிவிடுகிறோம் என்ற பெயரில் தன் உடலைத் தகாத விதமாகத் தொட்டதை அவர் சொன்னபோது நாடே கேட்டது. 2017-இல் அவர் நடத்திய இணையவழி இயக்கத்தைத் தொடர்ந்து எர்ணாகுளம் சந்திப்பு உட்படச் சில நிலையங்களில் எடுத்துச்செல்லக்கூடிய சாய்வுப் பலகையும், பெட்டிக்குள் நுழையும் அளவுக்கு ஒடுக்கமான மடக்கு நாற்காலியும் வந்தன. 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு 12-க்கு 1 சாய்வு என்றால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் பலகை வேண்டும். நடைமுறையில் அதைவிடக் குட்டையான பலகைதான் வைப்பார்கள், அதனால் தள்ளிவிட ஒருவர் கட்டாயம் தேவை. அப்படியிருந்தும், ஆளைத் தூக்குவதைவிட அது எவ்வளவோ மரியாதையானது. விலையும் லிஃப்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரியிலும் ஆளுக்கொன்று வைக்க எந்தப் பெரிய திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பெட்டி பல எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இருக்கிறது. அகல வாசல், உள்ளே நாற்காலி திரும்ப இடம், அகலமான கழிப்பறை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது வண்டியின் கோடியில் இணைக்கப்படுகிறது. எல்.எச்.பி. என்கிற புதிய வகை எக்ஸ்பிரஸ் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர் நீளம். 22 பெட்டி வண்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல். நிலையத்தின் வாசல் நடுவில் இருந்தால், நடக்கவே முடியாதவருக்கென்று ஒதுக்கிய பெட்டிக்குப் போக 250 மீட்டருக்கு மேல் போக வேண்டும். பிளாட்பாரத்தின் கூரை பெரும்பாலும் அவ்வளவு தூரம் வராது. விளக்கும் அங்கே மங்கல். சில நாள் அந்தப் பெட்டி முன்னால் இருக்கும், சில நாள் பின்னால். எந்தக் கோடி என்பதை வண்டி வருவதற்கு அரை மணி முன்னாலேயே ஒலிபெருக்கியில் சொல்லி, பலகையிலும் போட்டால் பாதி அலைச்சல் மிச்சம். கூரை நீட்டுவதற்குப் பணம் ஒதுக்கும்போது நடுப்பகுதியை இன்னும் அழகாக்குவதை விட்டுவிட்டு பிளாட்பாரத்தின் இரண்டு முனைகளுக்கும் முதலில் கூரை போட வேண்டும்.

அந்தப் பெட்டியில் மற்றவர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வது தனிக் கதை. முன்பதிவில்லாப் பெட்டியில் கூட்டம் வழிந்தால் மக்கள் அங்கே ஏறுகிறார்கள். ஓரிரு நிமிட நிறுத்தத்தில் அவர்களை இறங்கச் சொல்லி வாதாட முடியாது. பாதுகாப்புப் படையினர் ஏறி ஒழுங்குபடுத்தினால் மட்டுமே அந்தப் பெட்டிக்குப் பொருள் உண்டு.

பார்வை இல்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் தேவை வேறு மாதிரி. பிளாட்பாரத் தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகள் பதிக்கிறார்களே, அதில் இரண்டு வகை உண்டு. நீளக் கோடு இருந்தால் இந்த வழியே போகலாம்; புள்ளிகள் இருந்தால் நில், முன்னால் விளிம்போ படியோ திருப்பமோ இருக்கிறது. வெள்ளைக் கோலாலும் காலாலும் படிக்கிற எழுத்து அது. பதிக்கிற கொத்தனாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அழகுக்காக மாற்றி மாற்றிப் பதித்துவிடுவார். பிறகு அந்த வரி நேராகத் தூணில் போய் முட்டும், அல்லது தேநீர்க் கடையின் பெஞ்சுக்கு அடியில் நுழையும். மங்கலாகப் பார்வை தெரிகிறவர்களும் இருக்கிறார்கள். கண் மருத்துவமனைக்கு வந்துபோகும் ஊரில் அவர்கள் மிக அதிகம். சாம்பல் தரையில் சாம்பல் ஓடு அவர்களுக்குத் தெரியாது. படியின் விளிம்பில் பளிச்சென்ற பட்டை இல்லாவிட்டால் கடைசிப் படி எதுவென்று தெரியாமல் விழுவார்கள்.

பிளாட்பாரம் மாறுகிறது என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் மட்டும் வந்தால் காது கேளாதவருக்குத் தெரியாது. பெட்டி நிற்கும் இடம் மின்பலகையில் மட்டும் வந்தால் பார்வை இல்லாதவருக்குத் தெரியாது. இரண்டும் இரண்டு வழியிலும் வர வேண்டும். கடைசி நிமிடத்தில் பிளாட்பாரம் மாற்றுவது எல்லாருக்குமே தொல்லை. ஆனால் மற்றவர் ஓடிப் பிடித்துவிடுவார், இவர்கள் வண்டியை விட்டுவிடுவார்கள்.

கழிப்பறை பற்றி ஒரு வரி போதும்: மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைப் பூட்டி வைக்கக் கூடாது. உட்காரும் பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும். கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாத வயது ஒன்று எல்லாருக்கும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இது எதுவும் சலுகை இல்லை என்பது தெளிவாகும். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, பெட்டிகளையும் கழிப்பறைகளையும் காத்திருப்பு அறைகளையும் இவர்களுக்கு ஏற்றதாக மாற்றச் சொன்னது. ஆனால் நிறுவனத்தின் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வாசகத்தையும் சேர்த்திருந்தது. அந்த வாசகம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் நம் பாதை அகலமாக்கப்பட்டது. விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதை 2006-இல் மூடப்பட்டு, 2010-இல் அகலப் பாதையாகத் திறந்தது. தண்டவாளமும் பிளாட்பாரமும் புதிதாக வந்த அந்த நேரத்தைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்காது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கிய சட்டம் என்று அதைப் பலர் அறிவார்கள். அதன் 41-ஆவது பிரிவை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பழைய வாகனங்களை மாற்றி அமைப்பதற்குத்தான் தொழில்நுட்ப ரீதியில் முடிந்தால், செலவு கட்டுப்படியானால் என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. ரயில் நிலையங்களில் வாகனம் நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுன்டர் ஆகியவை தரநிலைப்படி இருக்க வேண்டும் என்ற பகுதியில் அந்த நிபந்தனை எதுவும் இல்லை. பொதுக் கட்டடம் என்ற வரையறையில் ரயில் நிலையத்தையும் பிளாட்பாரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது.

ரயில்வேயின் சொந்தக் கொள்கையிலேயே ஒரு பிரிவினை இருந்து வருகிறது. வாசல் சாய்வுதளம், வாகன நிறுத்துமிடம், வழுக்காத பாதை, அறிவிப்புப் பலகை, கழிப்பறை, குடிநீர்க் குழாய், உதவி மையம் ஆகியவை குறுகிய கால வசதிகள். ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வசதியும் விளிம்பு எச்சரிக்கை ஓடும் நீண்ட கால வசதிகள். பயணியின் கால் போகிற வரிசைப்படி பார்த்தால் இது பொருந்தவில்லை. மிகப் பெரிய தடை எதுவோ அது பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. வசதிகள் செய்து முடித்ததாகக் கணக்குக் காட்டவும் இது வழிவிடுகிறது: ஏழு வசதியில் ஏழும் இருக்கும், ஆனால் பயணி இரண்டாவது பிளாட்பாரத்தை அடைந்திருக்க மாட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியம். அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 2017 விதிகளின் 15(1)-ஆவது விதி, தாய்ச் சட்டமான 2016 சட்டத்துக்கே முரணானது என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. மீறவே முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியாகப் பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. இனி "செய்தால் நல்லது" என்று யாரும் சொல்ல முடியாது.

விழுப்புரத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரும் கடற்கரைப் பாதை காகிதத்தில் இருக்கிறது, மண்ணில் இல்லை. ஆகவே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் இரண்டு ஊருக்கு நடுவே ரயிலில் போக விரும்பினால் விழுப்புரம் போய் மாற வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை, பேருந்துதான். ஆனால் புதுச்சேரியிலிருந்து திருச்சி பக்கமோ, திருவண்ணாமலை பக்கமோ போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு விழுப்புரத்தில் வண்டி மாறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே பிளாட்பாரத்தில் ஏறி இறங்குவதைச் சமாளிக்கிறவர்கள்கூட வண்டி மாறுவது என்றால் பயணத்தையே கைவிடுகிறார்கள். புதுச்சேரி பாசஞ்சர் வந்து நிற்கும் பிளாட்பாரமும், அதற்கு இணைப்பாகப் புறப்படும் வண்டியின் பிளாட்பாரமும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக, இரு பக்கமும் தண்டவாளம் உள்ள ஒரே தீவுமேடையின் இரண்டு ஓரங்களில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஒரு படிகூட ஏறாமல் மாறலாம். இதுவும் இயக்கத்தில் எடுக்கிற முடிவு.

புதுப்பிப்பு வேலை நடக்கிற நிலையங்களில் ஒரு காரியத்தைக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு இறுதிப் பணம் கொடுப்பதற்கு முன், சக்கர நாற்காலியில் ஒருவர், பார்வை இல்லாத ஒருவர், காது கேளாத ஒருவர், கைத்தடி ஊன்றும் ஒரு முதியவர், இவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் வாசலிலிருந்து ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் போய்வந்து சொல்ல வேண்டும். பொறியாளர் அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சாய்வுதளத்தின் அடியில் விட்டுப்போன இரண்டு அங்குல விளிம்பு, சக்கரம் போய் மோதும்போதுதான் தெரியும்.

மக்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது என்றால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பின்னால் ஆவணம். தீராவிட்டால், ரயில்வே மத்திய அரசைச் சேர்ந்தது என்பதால், டெல்லியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் மனு அனுப்பலாம். கோட்ட அளவில் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. புதிய நிறுத்தமும் புதிய வண்டியும் கேட்டு அதற்கு மனு எழுதும் வணிகர் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் அடுத்த மனுவில் இன்னொரு கோரிக்கையையும் சேர்க்கலாம்: திருப்பாதிரிப்புலியூரில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் வழக்கமாக எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்பதைக் கால அட்டவணையிலேயே அச்சிட வேண்டும், முதல் பிளாட்பாரத்தில் நிறுத்த முடியாத வண்டிகளுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.